பீரோ சாவி பீரோவுக்குள்ளே: சொந்தமாகக் கட்டும் லினக்ஸில் பூட் ஏன் இவ்வளவு சிக்கலானது?

லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூவை மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கம்பைல் செய்து நிறுவியவர்களுக்கு, கணினி பூட் ஆகும்போது, அதாவது எழுந்து வரும்போது, தோன்றும் அந்தக் கறுப்புத் திரை மறக்காது. சரசரவென்று ஓடிவந்த வெள்ளை எழுத்துகள் சட்டென்று நிற்கும். ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியை) மவுண்ட் செய்ய, அதாவது திறந்து இணைக்க, முடியவில்லை, 'அன்னோன்-பிளாக் (0,0)' என்று ஒரு வரி. அதை ஒட்டி கெர்னல் பேனிக்: இயங்குதளத்தின் மையமான கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பயனில்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

எனக்கு இது கடைசியாக நடந்தது, பழைய சாட்டா வட்டை எடுத்துவிட்டு என்விஎம்இ வட்டுக்கு மாறிய அன்று. தவறு என்னுடையது. கெர்னல் அமைப்புப் பட்டியலில் அந்த வட்டை இயக்கும் நிரலான டிரைவருக்கு நேரே நட்சத்திரக் குறி இருந்திருக்க வேண்டும். நான் 'எம்' என்று விட்டிருந்தேன். நட்சத்திரம் போட்டால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். 'எம்' என்றால் அது மாட்யூலாக, தனிக் கோப்பாக, வட்டில் போய் உட்காரும். வட்டைப் படிக்கத் தேவையான டிரைவர் அதே வட்டில் இருந்தது. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

லினக்ஸ் பூட்டின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சாவியை எங்கே வைப்பது என்ற கேள்விதான். உபுண்டுவோ ஃபெடோராவோ பயன்படுத்துகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அவருக்காக வேறு யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். ஜென்டூ, ஸ்லாக்வேர், ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் என்று, தன் கையாலேயே கட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் தாங்களே யோசிக்க வேண்டும். அவர்களிடம் பல வருடங்களாகக் கேட்கும் ஒரு புகார் உண்டு: 'முன்பெல்லாம் பூட் எனக்குப் புரிந்தது. இப்போது புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை என்கிறார்கள்.' மாற்றம் பிடிக்காதவர்களின் முணுமுணுப்பு என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. என்ன மாறியது, யாருடைய தேவைக்காக மாறியது என்று பார்த்தால் அந்தப் புகாரின் நியாயம் தெரியும்.

முதலில் எளிமையாக இருந்த காலம். கணினியை எழுப்பும் மதர்போர்டு நிரலான பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட்டுதான் நிரலுக்கான இடம், மிச்சம் வட்டின் பிரிவுகளைச் சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணைக்கும் இரண்டு பைட் முத்திரைக்கும். அந்தக் குட்டி நிரல் பூட்லோடரை எழுப்பும், பூட்லோடர் கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவரும். கெர்னலுக்கு ஒரு வரி கட்டளை போகும்: உன் ரூட் இருக்கும் இடம் முதல் வட்டின் மூன்றாம் பார்ட்டிஷன். கெர்னல் தானே அந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அங்கே இருக்கும் இனிட் என்ற நிரலை முதல் ப்ராசஸாக ஓடவிடும். அதன் பிறகு நடப்பதெல்லாம் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டுகள். வட்டைச் சரிபார், எழுதும் நிலைக்கு மாற்று, மற்ற பார்ட்டிஷன்களை மவுண்ட் செய், நெட்வொர்க்கை எழுப்பு. எந்தப் படியில் கோளாறு என்றாலும் அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் போதும்.

இதிலும் தலைவலி இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். 1992இல் வந்த லிலோ பூட்லோடருக்குக் கோப்பு முறைமை என்றால் என்னவென்றே தெரியாது. வட்டில் கெர்னல் எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்ற பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால், அடுத்த முறை பூட் பாதியிலேயே நின்றுவிடலாம். ஆனாலும் அது ஒரு முறை பட்டால் காரணம் புரிந்துவிடும் தவறு. கெர்னல் மாற்றினாயா, லிலோவை ஓட்டு. அவ்வளவுதான்.

சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. டிஸ்ட்ரோக்களை, அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை, தயாரிப்பவர்கள் ஒரே கெர்னலை லட்சக்கணக்கான கணினிகளுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கணினியில் எந்த வட்டுக் கட்டுப்படுத்தி இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லா டிரைவரையும் கெர்னலுக்குள் திணித்தால் அது பூதமாகிவிடும். மாட்யூலாக வெளியே வைத்தால் பீரோ சாவிச் சிக்கல். 1996 வாக்கில் இதற்கு வந்த தீர்வுதான் இனிட்ஆர்டி. தேவையான மாட்யூல்களைச் சின்ன வட்டுப் பிம்பமாகக் கட்டி, பூட்லோடரே கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றிவிடும். கெர்னல் முதலில் அந்தப் பிம்பத்தில் கால் வைக்கும், டிரைவரை எடுக்கும், பிறகு உண்மையான ரூட்டுக்குத் தாவும். 2.6 கெர்னலோடு இது இன்னும் செம்மையாகி இனிட்ராம்எஃப்எஸ் ஆனது. இது சிபிஐஓ என்ற வடிவில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு. கெர்னல் இதை நினைவகத்தில் விரித்து, அதற்குள் இருக்கும் இனிட் என்ற நிரலை ஓடவிடும். அந்த நிரல் வேலையை முடித்து, உண்மையான ரூட்டை மவுண்ட் செய்து, 'ஸ்விட்ச்_ரூட்' கட்டளையால் அங்கே தாவும். 2.6 முதல் ஒவ்வொரு கெர்னலுக்குள்ளும் ஒரு இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறது. நாம் எதுவும் தராவிட்டால் அது காலியாக இருக்கும். விரும்பினால் பயன்படுத்து, வேண்டாமென்றால் விட்டுவிடு என்ற அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஸ்லாக்வேர் இதே சிக்கலை நேர்வழியில் சமாளித்தது. 'ஹ்யூஜ்' என்ற பெயரிலேயே ஒரு கெர்னலைக் கட்டி, வட்டு டிரைவர்களையும் கோப்பு முறைமைகளையும் அதற்குள்ளேயே அடைத்துத் தந்தது. 2022இல் வந்த 15.0 பதிப்பிலும் அந்தக் கெர்னல் இருந்தது. நிறுவியதும் பூட் ஆகும். பிறகு வேண்டுமானால் சிறிய கெர்னலுக்கும் இனிட்ஆர்டிக்கும் நீங்களே மாறிக்கொள்ளலாம் என்று வழியும் சொல்லி வைத்தது.

தன் கணினிக்கு மட்டும் கெர்னல் கட்டுகிறவருக்கு இந்தச் சிக்கலே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் சமைப்பவருக்கு யார் வருவார்கள், எத்தனை பேர் என்று தெரியாது. வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பவருக்கு எல்லாம் தெரியும். என் கணினியில் என்ன வட்டு, என்ன கோப்பு முறைமை என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் நட்சத்திரக் குறி போட்டால் கெர்னல் நேராக ரூட்டுக்குப் போய்விடும். ஜென்டூக்காரர்கள் பல வருடங்கள் இப்படித்தான் ஓட்டினார்கள். லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் நூலின் அடிப்படைப் பாதையில் இன்றும் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் செய்யலாம்.

2012இல்தான் பெரிய சண்டை வந்தது. அதைப் புரிந்துகொள்ள நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது. அன்றைய வட்டுகள் ஒவ்வொன்றும் மிகச் சில மெகாபைட் அளவுதான். முதல் வட்டில் இயங்குதளம், இரண்டாவது வட்டில் பயனர்களின் கோப்புகள். அந்த இரண்டாவது வட்டு தொங்கிய அடைவின் பெயர்தான் '/யுஎஸ்ஆர்'. பயனர் என்பதன் சுருக்கம். இயங்குதளம் முதல் வட்டில் கொள்ளாமல் வழிந்தபோது, சில நிரல்களை இரண்டாவது வட்டுக்குத் தள்ளினார்கள். நிரல்களுக்கான அடைவு '/பின்' ஒன்று, '/யுஎஸ்ஆர்/பின்' ஒன்று என்று எல்லாம் இரட்டையாக வந்தது அதனால்தான். கூடவே ஒரு விதியும் பிறந்தது: இரண்டாவது வட்டை மவுண்ட் செய்யத் தேவையான 'மவுண்ட்' கட்டளை முதல் வட்டிலேயே இருந்தாக வேண்டும். பாருங்கள், அப்போதே பீரோ சாவி வந்துவிட்டது.

வட்டுகள் பெரிதான பிறகும் அந்தப் பிரிவினை நின்றது. காரணங்களும் புதிதாகக் கிடைத்தன. '/யுஎஸ்ஆர்' பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் அனுமதித்து மவுண்ட் செய்தால் பாதுகாப்பு. ஒரே '/யுஎஸ்ஆர்'ஐ நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளுக்குப் பகிரலாம். ரூட் பார்ட்டிஷன் சின்னதாக இருந்தால் மின்சாரம் போய் வந்தாலும் சேதம் குறைவு, சரிபார்ப்பும் சீக்கிரம் முடியும். என் பழைய சர்வர் ஒன்றிலும் இப்படித்தான் வைத்திருந்தேன். ரூட்டுக்குச் சில நூறு மெகாபைட், '/யுஎஸ்ஆர்' எல்விஎம்மில் (பார்ட்டிஷன் அளவைப் பிறகு மாற்றவிடும் அமைப்பில்) தனியாக. தேவைப்பட்டால் அதைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே வன்பொருளைக் கண்டுபிடிக்கும் விதம் மாறியிருந்தது. 2003இல் வந்த யூடெவ், ஒவ்வொரு சாதனத்தையும் கெர்னல் அறிவிக்க அறிவிக்க, அதற்கென்று எழுதிய விதிகளின்படி நிரல்களை ஓடவிடும். அச்சுப்பொறி செருகினால் ஒன்று, ப்ளூடூத் என்றால் ஒன்று, ஒலி அட்டையின் அளவை மீட்க ஒன்று. அந்த நிரல்களில் பலவும், யூஎஸ்பி, பிசிஐ சாதனங்களின் பெயர்ப் பட்டியல்களும் '/யுஎஸ்ஆர்'க்குள் இருந்தன. யூடெவ் ஓடத் தொடங்கும்போது '/யுஎஸ்ஆர்' மவுண்ட் ஆகியிருக்காது. விதி தோற்கும், பெரும்பாலும் சத்தமில்லாமல் தோற்கும். பழைய இனிட் ஸ்கிரிப்டுகளுக்குப் பதிலாக வந்த சிஸ்டம்டியையும் யூடெவையும் எழுதியவர்கள் சொன்னது இதுதான்: தனி '/யுஎஸ்ஆர்' ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. இனி '/யுஎஸ்ஆர்' தனியாக வேண்டுமென்றால் இனிட்ராம்எஃப்எஸ் வைத்து, இனிட் ஓடுவதற்கு முன்பே அதை மவுண்ட் செய்துவிடுங்கள். 2012 ஏப்ரலில் யூடெவின் மூலநிரல் சிஸ்டம்டிக்குள் இணைக்கப்பட்டது. அடுத்த மாதம் வந்த ஃபெடோரா 17, '/பின்', '/எஸ்பின்', '/லிப்' எல்லாவற்றையும் '/யுஎஸ்ஆர்'க்குள் நகர்த்தி, பழைய இடங்களில் வெறும் இணைப்புகளை வைத்தது.

ஜென்டூவில் புயல் அடித்தது. ஆத்திரம் தனி '/யுஎஸ்ஆர்' வைத்திருந்த சிலரோடு நிற்கவில்லை. நாம் எழுதாத, நாம் தேர்ந்தெடுக்காத ஒரு நிரலின் வடிவமைப்பு நம் பார்ட்டிஷன்களை எப்படிப் பிரிக்கலாம் என்று தீர்மானிக்கலாமா என்பதுதான் கேள்வி. சிலர் யூடெவைத் தூக்கிவிட்டு, பல சிறு கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிஸிபாக்ஸோடு வரும் எம்டெவ் என்ற எளிய கருவிக்கு மாறினார்கள். 2012 கடைசியில் ஜென்டூ டெவலப்பர்கள் சிலர் யூடெவிலிருந்து ஈயூடெவ் என்ற கிளையைப் பிரித்தார்கள். ஆனால் அலை பெரியது. 2013 செப்டம்பரில் ஜென்டூ அறிவித்தது: தனி '/யுஎஸ்ஆர்' வைத்துக்கொண்டு இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்யும் முறைக்கு நவம்பர் 1 முதல் ஆதரவு கிடையாது. வெளியிலிருந்து வரும் மென்பொருள்களின் மாற்றங்களுக்கு எதிராக இதைக் காப்பாற்றுவது நாளுக்கு நாள் கடினமாகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஈயூடெவும் பிறகு 2022 ஜனவரியோடு ஜென்டூவில் ஓய்வு பெற்றது. 2023 டிசம்பரில் வெளியான சிஸ்டம்டி 255, '/பின்'னும் '/யுஎஸ்ஆர்/பின்'னும் பிரிந்திருக்கும் அமைப்புகளுக்கான ஆதரவையே கைவிட்டது.

நியாயமாகச் சொன்னால், சிஸ்டம்டிக்காரர்களின் வாதத்தில் எனக்குப் பெரிதாக மறுப்பு இல்லை. எந்த நிரல் ரூட்டில் இருக்க வேண்டும், எது '/யுஎஸ்ஆர்'க்குப் போகலாம் என்ற கோட்டை யாருமே ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. ப்ளூடூத் கீபோர்டு வைத்திருப்பவருக்கு பூட் ஆரம்பத்திலேயே ப்ளூடூத் நிரல்கள் தேவை. அப்படி ஒவ்வொன்றாக ரூட்டுக்கு நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் எல்லாமே ரூட்டில்தான் இருக்கும். முன்பு சின்ன ரூட் பார்ட்டிஷன் செய்த வேலையை இப்போது இனிட்ராம்எஃப்எஸ் செய்கிறது என்று அவர்கள் சொன்னதும் சரிதான்.

என் ஆதங்கம் அந்தக் கடைசி வாக்கியத்திலேயே தொடங்குகிறது. சின்ன ரூட் பார்ட்டிஷனும் இனிட்ராம்எஃப்எஸும் ஒரே வேலையைச் செய்தாலும், ஒன்று அசல், இன்னொன்று நகல். ரூட் பார்ட்டிஷனில் இருந்த 'மவுண்ட்' கட்டளை என் கணினியின் ஒரே 'மவுண்ட்' கட்டளை. மென்பொருள்களை நிறுவும் தொகுப்பு மேலாளர் அதைப் புதுப்பித்தால் புதுப்பித்ததுதான். இனிட்ராம்எஃப்எஸில் இருப்பது என்றோ ஒருநாள் எடுத்த பிரதி. அசல் மாறும்போது அது தானாக மாறாது. வட்டில் எல்விஎம் கருவிகள் ஒரு பதிப்பு, தொகுப்புக்குள் வேறொரு பதிப்பு. பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில் ஒரு வட்டைக் கூட்டினேன், அமைப்புக் கோப்பைத் திருத்தினேன், தொகுப்புக்குள் பழைய கோப்பு அப்படியே கிடக்கிறது. இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, மறுபடி பூட் செய்யும் நாளில், அவசர வேலை இருக்கும்போது தெரியும். அதற்குள் என்ன மாற்றினோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

நாம் ஒரு கணினியைப் பராமரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் உண்மையில் இரண்டைப் பராமரிக்கிறோம். இரண்டாவது ஒரு வினாடியோ இரண்டு வினாடியோதான் உயிரோடு இருக்கும். அதனாலேயே அதைப் பார்க்கவோ பழகவோ நமக்கு வாய்ப்பே வருவதில்லை.

இந்த நகலைத் தயாரிக்கும் கருவிகள் வேறு தனி உலகம். 2009இல் வந்த டிராகட், ஆர்ச் லினக்ஸின் எம்கேஇனிட்சிபிஐஓ, டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், ஜென்டூவின் ஜென்கெர்னல். ஒவ்வொன்றுக்கும் அமைப்புக் கோப்புகள் வேறு, கெர்னலுக்குத் தரும் வார்த்தைகள் வேறு. என்கிரிப்ட் செய்த வட்டைக் குறிப்பிட டிராகட்டுக்கு ஒரு விதம், ஆர்ச்சில் இன்னொரு விதம். டிராகட் தோற்றால் ஒரு அவசர ஷெல்லைத் தரும், அது பெரிய உதவி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெறும் கெர்னல் பேனிக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்த ஷெல்லுக்கு வந்து சேரும் முன் அது எதற்காகக் காத்திருந்தது, எந்த ஸ்கிரிப்ட் எந்தக் கொக்கியிலிருந்து ஓடியது என்று தேடிப்போனால் டஜன் கணக்கில் மாட்யூல் ஃபோல்டர்கள். அது எல்லோருக்குமாக எழுதப்பட்டது. என் ஒரு வட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

பெரிய சண்டை ஓய்ந்த பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் பக்கவாட்டில் நுழைந்தன. எல்லோரும் ரூட்டை யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணால் குறிப்பிடுங்கள், வட்டுப் பெயர்கள் மாறிப்போகும் என்பார்கள். அறிவுரை சரி. ஆனால் கோப்பு முறைமையின் யூயூஐடியைக் கெர்னலுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. அதைத் தேடித் தருவது இனிட்ராம்எஃப்எஸில் உள்ள நிரல்கள். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாதவர் எங்கிருந்தோ அந்த வரியை நகலெடுத்துப் போட்டால் பேனிக்தான். கெர்னலுக்கு நேரடியாகத் தெரிவது பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும் பார்ட்-யூயூஐடி. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இரவு முழுக்க அலைந்தவர்கள் ஏராளம்.

2018 ஜனவரியில் ப்ராசஸர்களில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தபின், ப்ராசஸருக்குள் இருக்கும் நிரலான மைக்ரோகோடைப் புதுப்பிப்பது எல்லோருக்கும் அவசியமானது. அதை பூட்டின் ஆரம்பத்திலேயே ஏற்ற வேண்டும். வழக்கமான வழி, இனிட்ராம்எஃப்எஸின் தலையில் சுருக்கப்படாத ஒரு சிபிஐஓ தொகுப்பாக ஒட்டுவது. இல்லையென்றால் கெர்னலைக் கட்டும்போதே அந்தக் கோப்பைப் பெயர் சொல்லி உள்ளே சேர்க்க வேண்டும். ஏஎம்டி கிராஃபிக்ஸ் அட்டைக்கும் அதே கதை. டிரைவருக்கு நட்சத்திரம் போட்டால் அது ரூட் மவுண்ட் ஆகும் முன்பே எழுந்து, அட்டைக்குள் ஏற்ற வேண்டிய நிரலான ஃபர்ம்வேரைக் கேட்கும். ஃபர்ம்வேர் வட்டில் இருக்கும். திரை இருண்டுவிடும். டிரைவரை மாட்யூலாக விடு, இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் கோப்புகள் அத்தனையையும் கெர்னலுக்குள் எழுது. வட்டு டிரைவருக்கு 'எம்' போட்டால் தவறு, கிராஃபிக்ஸ் டிரைவருக்கு நட்சத்திரம் போட்டால் தவறு. புதிதாக வருகிறவர் இதை எப்படி ஊகிப்பார்?

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. 2012 மார்ச்சில் வந்த 3.3 கெர்னலோடு, கெர்னலே, பயாஸின் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ (சுருக்கமாக ஈஎஃப்ஐ) நேராக ஓட்டக்கூடிய நிரலாக மாறிக்கொள்ளும் வசதி வந்தது. யூஇஎஃப்ஐ உள்ள கணினியில் பூட்லோடரே வேண்டாம். கெர்னலை ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்து, ரூட் எங்கே என்ற வரியைக் கெர்னலுக்குள்ளேயே பொதிந்துவிட்டால், மதர்போர்டு ஃபர்ம்வேர் நேராகக் கெர்னலை ஓடவிடும். முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 446 பைட் நிரலும் இல்லை, பூட்லோடரும் இல்லை, அமைப்புக் கோப்பும் இல்லை. ஒரே ஒரு கோப்பு. சொந்தமாகக் கட்டுகிறவருக்கு இதைவிட எளிய பூட் என்றுமே இருந்ததில்லை என்று சொல்வேன். தான் போட்டு வைத்த பூட் பதிவை மறந்துவிடும் ஃபர்ம்வேர்கள் சில உண்டு, எனக்கும் அப்படி ஒரு மடிக்கணினி வாய்த்தது. அதற்கும் வழி இருக்கிறது. ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் 'பூட்எக்ஸ்64' என்று பெயர் மாற்றி வைத்தால், பதிவு இல்லாவிட்டாலும் ஃபர்ம்வேர் அதைத் தேடிப் பிடிக்கும்.

ஆனால் பெரும்பாலான வழிகாட்டிகள் இன்னும் கிரப் என்ற பூட்லோடரைத்தான் கைகாட்டுகின்றன. கிரப் சக்தி வாய்ந்தது. பல கோப்பு முறைமைகளைப் படிக்கும், என்கிரிப்ட் செய்த வட்டையும் திறக்கும். பழைய கிரப்பில் நாலு வரியில் கையால் எழுதிய மெனுவை இப்போது ஒரு கருவி எழுதுகிறது, அந்தக் கோப்பின் தலையிலேயே இதைத் திருத்தாதே என்ற எச்சரிக்கையோடு. 2022 ஆகஸ்டில் ஆர்ச் பயனர்கள் பட்ட பாடு இதன் இயல்பைக் காட்டும். கிரப் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டது. புதிய மெனுவில் ஒரு புதிய கட்டளை வடிவம் இருந்தது. ஆனால் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் நிறுவப்பட்டிருந்த கிரப் நிரல் பழையது, ஏனென்றால் தொகுப்பைப் புதுப்பித்தால் மட்டும் அது மாறாது, தனியாக மறுபடி நிறுவ வேண்டும். பழைய நிரலுக்குப் புதிய மெனு புரியவில்லை, கணினி பூட் ஆகாமல் ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்கே போய் நின்றது. லிலோவின் அதே பழைய தவறு, முப்பது வருடத்துக்குப் பிறகு. அதே நகல் பிரச்சினை.

நம்பகமான கையெழுத்துள்ள நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் பற்றி இங்கே விரிவாகப் போகவில்லை. 2012இல் விண்டோஸ் 8 கணினிகளோடு பரவிய அது, கெர்னலுக்கு முன்னால் கையெழுத்துச் சங்கிலி ஒன்றைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சிறு நிரல், அது நம்பும் கிரப், அது நம்பும் கெர்னல். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பழைய ஷிம்களைத் தடுக்கப் போய், இரண்டு இயங்குதளம் வைத்திருந்தவர்களின் லினக்ஸ் பக்கத்தைப் பூட் ஆகவிடாமல் செய்தது. சொந்தச் சாவிகளைத் தயாரித்து ஃபர்ம்வேரில் பதிந்துகொண்டால் இந்தச் சங்கிலியை நம் கையில் வைத்துக்கொள்ளலாம். நேரமும் பொறுமையும் இருப்பவர்கள் செய்து பார்க்க வேண்டியது.

ஜென்டூவும் தன் வழியில் இறங்கி வந்திருக்கிறது. 2020இல் டிஸ்ட்ரோ கெர்னல்களை அறிமுகப்படுத்தியது. பொதுவான அமைப்போடு, இனிட்ராம்எஃப்எஸும் சேர்த்து, மற்றத் தொகுப்புகளைப் போலவே நிறுவிக்கொள்ளலாம், ஏற்கெனவே கம்பைல் செய்த வடிவிலும் கிடைக்கும். பலருக்கு அது வரம். ஒரு வாரம் வெளியூர் போகும்போது வீட்டு சர்வருக்கு நானும் அதையே போட்டுவிட்டுப் போனதுண்டு. கையால் கட்டும் வழியும் மூடப்படவில்லை.

அப்படியானால் புகார் எங்கே? ரூட்டை என்கிரிப்ட் செய்தவருக்கு இனிட்ராம்எஃப்எஸ் கட்டாயம் வேண்டும். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் வேலையைக் கெர்னல் செய்யாது, செய்யவும் கூடாது. எல்விஎம் மேல் ரூட் வைத்தவருக்கும், புதிய வடிவ ரெய்டில் ரூட் வைத்தவருக்கும் வேண்டும். அந்தச் சிக்கலை அவர் தெரிந்தே வாங்கிக்கொள்கிறார், பதிலுக்கு ஒரு பயன் கிடைக்கிறது. கோபம் வருவது, பயன் எதுவும் கிடைக்காதவர் தலையிலும் அதே பாரம் ஏறும்போது. ஒரு வட்டு, ஒரு பார்ட்டிஷன், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை என்று வைத்திருப்பவரிடம், 'எதற்கும் டிராகட்டை ஓட்டிவிடுங்கள்' என்கிறார்கள். ஓட்டினால் வேலை நடக்கும். ஆனால் தன் கணினி எப்படி எழுகிறது என்று கற்றுக்கொள்ளத்தானே அவர் இந்த வழிக்கே வந்தார்? பூட் உடைந்தால், சரிசெய்யும் கருவிகள் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். எடிட்டர் உடைந்தால் வேறு எடிட்டரில் சரிசெய்யலாம். பூட் உடைந்தால் இன்னொரு கணினியோ யூஎஸ்பி டிரைவோ தேட வேண்டும். அந்த இடத்தில் மட்டுமாவது ஒவ்வொரு படியும் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்பது அதிகமா?

நான் இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மடிக்கணினியில் ரூட் என்கிரிப்ட் செய்திருக்கிறேன், ஆகவே இனிட்ராம்எஃப்எஸ் வேண்டும். அதை நானே எழுதினேன். ஒரு ஃபோல்டர், அதற்குள் வெளி லைப்ரரி எதையும் நாடாதபடி ஸ்டாட்டிக்காகக் கம்பைல் செய்த பிஸிபாக்ஸ், அதேபோல் என்கிரிப்ட் செய்த வட்டைத் திறக்கும் கிரிப்ட்செட்டப், 'இனிட்' என்ற பெயரில் இருபது வரிக்குள் அடங்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். கெர்னல் தரும் ப்ராக், சிஸ், டெவ் அடைவுகள் மூன்றையும் மவுண்ட் செய்கிறது. கடவுச்சொல் கேட்டு வட்டைத் திறக்கிறது. ரூட்டை மவுண்ட் செய்கிறது. மூன்றையும் கழற்றிவிட்டு ஸ்விட்ச்_ரூட். எந்த வரி தோற்றாலும் ஷெல்லுக்கு வந்து நிற்கும். கெர்னல் அமைப்பில் அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், கம்பைல் செய்யும்போதே அது கெர்னலுக்குள் தைக்கப்பட்டுவிடும். கெர்னல் வேறு, தொகுப்பு வேறு என்று இரண்டு கோப்பு கிடையாது. என் சாவியால் நான் கையெழுத்திட்ட அந்த ஒரே கோப்பை ஃபர்ம்வேர் ஓடவிடுகிறது.

நகல் பிரச்சினை இதிலும் முழுதாகப் போகவில்லை. உள்ளே இருக்கும் கிரிப்ட்செட்டப் பழையதாகத்தான் ஆகும். ஆனால் அதற்குள் இருப்பது இரண்டே நிரல்தான், எப்போது எடுத்த பிரதி என்று எனக்குத் தெரியும், கெர்னல் மாற்றும்போதெல்லாம் புதிதாக எடுத்து வைக்கிறேன். மேசைக் கணினியில் இதுவும் இல்லை. என்விஎம்இ, எக்ஸ்ட்4 இரண்டுக்கும் நட்சத்திரம், பார்ட்-யூயூஐடி, மைக்ரோகோட் உள்ளே, கிராஃபிக்ஸ் மட்டும் மாட்யூல். தொடங்க நினைப்பவர்களுக்கு இந்த மேசைக் கணினி வழியைத்தான் முதலில் சொல்வேன்.

பேனிக் வந்தால் அந்த அடைப்புக்குறி எண்களைப் பாருங்கள். (0,0) என்றால் கெர்னலுக்கு வட்டே தெரியவில்லை: டிரைவர் இல்லை, அல்லது ரூட்டின் பெயர் தப்பு. (8,3) போல வேறு எண் வந்தால், 8 சாட்டா வட்டைக் குறிக்கும், 3 அதன் மூன்றாம் பார்ட்டிஷனை. வட்டு தெரிந்துவிட்டது, கோப்பு முறைமையின் டிரைவர்தான் விடுபட்டிருக்கிறது. முதலாவதுக்கு வட்டுப் பக்கம் போங்கள், இரண்டாவதுக்குக் கோப்பு முறைமைப் பட்டியலுக்கு. அப்புறம் ஒன்று: புதிய கெர்னல் ஒருமுறையாவது ஒழுங்காக எழுந்து, அதில் ஒருநாள் வேலை பார்க்கும்வரை, பழைய கெர்னலை ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து அழிக்காதீர்கள்.